வெளிநாட்டில் இருக்கும் மகள் கீர்த்தனா

மண்ணரை,
ஞாயிற்றுக்கிழமை காலை.

அன்பு மகள் பிரிசில்லாவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவருடைய கிருபையால் இங்கே நானும் அப்பாவும் கீர்த்தனாவும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கிறோம், நீ அந்தக் குளிரில் எப்படி இருக்கிறாய் என்பதுதான் எங்களுக்குத் தெரிய வேண்டும். நீ அனுப்பிய போட்டோவில் உன் சட்டைக் கழுத்துப் பட்டியில் இரண்டு இடம் தையல் விட்டிருப்பதை முதலில் பார்த்தது கீர்த்தனாதான். பின்னால் பனியும் மரமும் சிவப்புக் கூரை வீடுமாக அத்தனை அழகு இருந்தும் இவள் கண் தையலுக்குத்தான் போகிறது, எல்லாம் பனியன் கம்பெனிப் புத்தி. அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போகாதே, காற்று கழுத்து வழியாகத்தான் இறங்கும். உள்ளுக்குப் போட முழுக்கை பனியன் ஆறு வைத்திருக்கிறேன், காதர்பேட்டையில் நானே துணியைத் தொட்டுப் பார்த்து வாங்கியது. பருப்புப் பொடியும் கொள்ளுப் பொடியும் தனித்தனிப் பையில் கட்டியிருக்கிறது. உன்னோடு வேலை பார்க்கிற அவினாசிப் பெண் வியாழக்கிழமை கிளம்புகிறாளாம், அப்பா அவர்கள் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார். ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி முடித்து வெறும் வயிற்றோடு படுக்காதே, ஒரு டம்ளர் பாலாவது குடி. தலைக்குக் குளித்தால் நன்றாகக் காய்ந்த பிறகு வெளியே போ, உனக்குச் சின்ன வயதிலிருந்தே சளி பிடிக்கும் உடம்பு.

பரீட்சையைப் பற்றி வெசனப்படாதே கண்ணு. ஜெர்மன்காரன் பாஷையில் கேட்டால் யாருக்குத்தான் உடனே வாய் வரும். இரண்டாம் தரமும் போய்விட்டது என்று நீ போனில் அழுதது இன்னும் என் காதில் இருக்கிறது. தப்பு உன் மேல் இல்லை. ஒன்றே கால் வருடமாக ஒரு ஞாயிறு விடாமல் உன் பெயரை வாசித்து ஜெபித்த சபையில், சரியாக உன் பரீட்சை வாரத்தில் போதகர் பிரபாகர் ஐயா உன் பெயரை மாற்றி வாசித்துவிட்டார். நீ வியாழக்கிழமை எழுதுகிறாய் என்று அத்தனை தெளிவாக எழுதிக் கொடுத்தும் இப்படி. அதனால் ஐந்து வாரமாக நாங்கள் அங்கே போவதில்லை, கண்ணம்மாளிடமும் கம்பெனி வேனில் வருகிற மற்ற சபைக்காரர்களிடமும் சொல்லிவிட்டேன். நெருப்பெரிச்சல் பக்கம் ஒரு சபை இருக்கிறதாம், போதகர் சின்ன வயதுக்காரர், கண் நன்றாகத் தெரியுமாம். அடுத்த பரீட்சைத் தேதி வந்ததும் முதலில் எனக்குச் சொல், அங்கே உன் பெயரை எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.

அக்கா, இதுவரை எழுதியது அம்மா சொல்லச் சொல்ல எழுதியது. தெருக்குழாயில் தண்ணீர் விட்டுவிட்டார்கள், அம்மா குடங்களைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறாள், வரிசை நகர்ந்து வருவதற்கு அரை மணியாவது ஆகும். இனி எழுதுவது நான், கீர்த்தனா. போனில் எப்போதும் அம்மாதான் பேசுவாள், கடைசியில் போனை என் பக்கம் நீட்டுவாள், நான் நல்லாயிருக்கியாக்கா என்பேன், அதற்கு மேல் எனக்குப் பேச்சு வராது, நீயும் வேலைக்கு நேரமாச்சு என்று வைத்துவிடுவாய். எழுதினால் வருகிறது. அந்த ஞாயிறு பெயரை மாற்றி வாசித்தது ஐயா இல்லை. சீட்டில் பெயரை மாற்றி எழுதியது நான்.

நம் சபையில் வாசலில் இருக்கிற ஜெப விண்ணப்பப் பெட்டி உனக்கு நினைவிருக்கும், பழைய பிஸ்கட் டப்பாவில் மேலே ஓட்டை போட்டது. முன்பு அம்மாவுக்கு நீ சீட்டு எழுதிக் கொடுப்பாய், நீ போன பிறகு நான். ஒவ்வொரு வாரமும் ஒரே சீட்டுதான். வெளிநாட்டில் தனியாக இருக்கும் மகள் பிரிசில்லாவின் சுகத்துக்காகவும், பரீட்சையில் தேறவும், நல்ல வரன் அமையவும் ஜெபிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன், இப்படிக்குத் தாயார் விஜயராணி. எனக்கு அது மனப்பாடம். ஐயா அதை வாசிக்கும்போது அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு குனிந்துகொள்வாள், சுற்றி இருக்கிறவர்கள் எல்லோரும் ஆமென் சொல்வார்கள், பாயில் அம்மாவுக்குப் பக்கத்தில் நீ உட்காரும் இடத்தில் அம்மாவின் வேதாகமப் பை இருக்கும். நான் பின் வரிசையில் இருப்பேன். பையை எடுத்துவிட்டு அங்கே உட்காரலாமா என்று ஒருமுறை கேட்டேன், பிரிசில்லா எடம் கண்ணு அது, இருக்கட்டும் என்றாள். புது வருட ஆராதனையில் வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை எடுக்கும்போதும் உன் பெயரைச் சொல்லித்தான் முதல் அட்டை எடுத்தாள். எனக்கு நீயே போயி எடுத்துக்க என்றாள், அத்தனை பேர் முன்னால் எழுந்து போக வெட்கப்பட்டு நான் எடுக்கவே இல்லை. அதையும் அம்மா கேட்கவில்லை.

எனக்கு உன் மேல் பொறாமை அக்கா. இதை எழுத எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் வேறு எந்தச் சொல்லும் சரியாக வரவில்லை. நீ படித்தாய் என்பதற்காக இல்லை. பள்ளிக்கூடம் கொரோனாவில் மூடியபோது அம்மாவோடு கம்பெனிக்குப் போனேன், திறந்தபோது திரும்பிப் போகப் பிடிக்கவில்லை, அது நானாகச் செய்தது. நீ பனியில் நிற்கிறாய் என்பதற்காகவும் இல்லை. நீ அத்தனை தூரத்தில் இருந்துகொண்டு நாள் முழுக்க இந்த வீட்டில் இருக்கிறாய், நான் அம்மாவுக்குப் பக்கத்தில் படுத்து எழுந்தும் இல்லாத மாதிரி இருக்கிறேன். சோறு போடும்போதுகூட பிரிசில்லா இந்நேரம் என்ன தின்னுருப்பாளோ என்பாள். என் தட்டில் குழம்பு ஊற்றிவிட்டோமா என்று பார்க்கமாட்டாள்.

அந்த வாரம் எங்கள் லைனில் ஓவர்லாக் மிஷினுக்கு ஆள் வேண்டும் என்று சூப்பர்வைசர் சண்முகவேல் அண்ணன் என்னைக் கேட்டார். நாலு வருடமாகச் செக்கிங் மேஜையில் நின்று அடுத்தவர்கள் தைத்ததில் ஓட்டை தேடிக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை மிஷினில் உட்கார வைத்துப் பார்ப்பதாகச் சொன்னார், சரியாக ஓட்டினால் டெய்லர், இல்லாவிட்டால் பழையபடி செக்கிங். எனக்கு மிஷின் சத்தம் கேட்டாலே கை நடுங்கியது. ஞாயிறு காலையில் சீட்டு எழுதும்போது, அம்மா எனக்கும் ஒரு வரி சேர்த்துக்கட்டுமா, நாளைக்கு டிரையல் இருக்குது என்று கேட்டேன். அம்மா தலை சீவிக்கொண்டிருந்தாள். பனியன் கம்பெனி மிசினுக்கெல்லாமா சீட்டு, பொட்டாட்ட பேசாம உக்காந்து ஓட்டுனா வந்துட்டுப் போவுது, சின்ன விசயத்துக்கெல்லாம் ஆண்டவரத் தொந்தரவு பண்ணக் கூடாது கண்ணு, அவளுக்கு வியாழக்கெழமை பரிச்சைன்னு மறக்காம எழுது என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் எழுதினேன். மற்றதெல்லாம் அப்படியே வைத்து உன் பெயர் வருகிற இடத்தில் என் பெயரை எழுதினேன். எழுதும்போது அதற்கு மேல் யோசிக்கவில்லை, வெளிநாட்டில் என்பதை எடுக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை, கை தானாக எழுதிவிட்டது.

ஐயா வாசித்தார். வெளிநாட்டில் தனியாக இருக்கும் மகள் கீர்த்தனா. முன் வரிசையில் இரண்டு பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஐயா கண்ணை மூடி ஜெபிக்க ஆரம்பித்துவிட்டார். எங்கள் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருக்கிற கீர்த்தனாவை நீர் பார்க்கிறீர் ஆண்டவரே, அவளுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை, அவள் பயம் உமக்குத் தெரியும் என்றார். நடுவில் ஒரு நொடி நின்றார். அப்போது அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன், நிறுத்தாமல் அதே பெயரை மறுபடியும் சொன்னார். கீர்த்தனாவின் கைகளைத் திடப்படுத்தும் என்றார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள் அக்கா. அதுவரை யாரும் எனக்காக அப்படிக் கேட்டதில்லை, முக்காட்டுக்குள் நான் அழுதுவிட்டேன். அம்மா மட்டும் ஆமென் சொல்லவில்லை. நிமிர்ந்து ஐயாவையே பார்த்துக்கொண்டிருந்தாள், என் பக்கம் திரும்பவில்லை.

ஆராதனை முடிந்ததும் நேராக அவரிடம் போனாள். ஏனுங்க ஐயா, எம்புள்ள பேரு பிரிசில்லாங்க, நீங்க மாத்திப் படிச்சுப் போட்டீங்களே, கீர்த்தனா இங்கதானுங்க உக்காந்துட்டிருக்கறா, இவளுக்கு என்னுங்க பரிச்சை என்று கேட்டாள். ஐயா கையிலிருந்த சீட்டுகளில் அம்மாவின் சீட்டை எடுத்துப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் செருப்பைத் தேடுவது போல் குனிந்துகொண்டேன். சீட்டை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தப்பு என்னுதுதானுங்கம்மா, கண்ணாடி மாத்தோணும் என்றார். உனக்காகத் தனியாக ஒரு ஜெபமும் செய்தார், ஆனால் அதற்குள் சபை கலைந்துவிட்டது, அம்மாவுக்கு ஆறவில்லை. அதுதான் நாங்கள் கடைசியாகப் போன ஆராதனை.

திங்கட்கிழமை மிஷின் எனக்குக் கிடைத்துவிட்டது அக்கா. கை நடுங்கவே இல்லை, சண்முகவேல் அண்ணன் தையலை இழுத்துப் பார்த்து, அட பரவால்லியே அம்மிணி என்றார். வேனில் கண்ணம்மாள் அக்காவுக்குத்தான் வாய் சும்மா இருக்காது. ஏனுங்க பாரின் அம்மிணி, எப்ப வந்து எறங்குனீங்க, எங்களுக்கெல்லாம் ஒரு சென்ட்டு பாட்டல் கூட இல்லீங்களா என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தாள். நானும் சிரித்தேன். வீட்டில் அம்மாவிடம் டெய்லர் ஆகிவிட்டேன் என்று சொன்னபோது, செரி கண்ணு என்று சொல்லிவிட்டு உனக்குப் போன் போட்டாள். சனிக்கிழமை நீ அழுதாய். அந்தச் செய்தி கேட்டதும் எனக்கு முதலில் வந்தது வருத்தம் இல்லை. ஒரு வாரமாவது உனக்குக் கிடைக்காதது எனக்குக் கிடைத்தது என்று வந்தது. அது எத்தனை நேரம் இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை, அம்மா அடுப்படியில் உட்கார்ந்து, பேரு மாறிப் போச்சே, அதுதான் என்று நெஞ்சில் அடித்துக்கொண்டபோது போய்விட்டது. ஜெபத்தில் பெயர் வராததால் நீ தவறினாய் என்று நான் நம்பவில்லை. ஆனால் என் டிரையலை நினைத்தால் நம்பவும் செய்கிறேன்.

உன் பெயர் ஒரு வாரம் விட்டுப்போனதற்கு அம்மா சபையையே விட்டுவிட்டாள். என் பெயர் இத்தனை வருடம் அங்கே வாசிக்கப்படாததை அவள் கவனித்ததே இல்லை. அதனால்தான் முதல் இரண்டு வாரம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை, அவள் கோபத்தைக் கொஞ்சம் திருப்தியாகவே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் வாரம் ஐயாவும் அவர் வீட்டம்மாவும் நடந்தே வந்தார்கள். அம்மா உட்காருங்கள் என்றுதான் சொன்னாள், டீ வைக்கவில்லை. கண்ணு தெரியாதவங்க கையில எம்புள்ள பேரக் குடுத்தது என் தப்புங்க என்று நேராகவே சொன்னாள். ஐயா தலையை ஆட்டிக்கொண்டார். நான் கதவோரம் நின்றிருந்தேன், ஒரு வார்த்தை போதும், அவர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. போகும்போது என்னிடம் மட்டும், மிசின் கெடச்சுதா கண்ணு என்று கேட்டார், டிரையல் விஷயத்தை வேனில் வருகிறவர்கள் சொல்லியிருப்பார்கள். தலையை ஆட்டினேன், ஸ்தோத்திரம் என்றார். முப்பது குடும்பம்கூட இல்லாத சபை அது அக்கா, சபை நடக்கிற மாடியின் வாடகைக்கு அவரே காலையில் வீடு வீடாகப் பால் பாக்கெட் போடுகிறார். சொன்னால் அம்மா என்னோடு பேசாமல் இருப்பாள், அது எத்தனை நாளோ தெரியாது, உன் பரீட்சையைக் கெடுத்தவள் என்று கடைசி வரைக்கும் நினைப்பாள். சொல்லாவிட்டால் ஐயா பெயர் கெட்டுக்கொண்டே இருக்கும். அம்மாவிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, அதனால் உனக்கு மட்டும் எழுதுகிறேன். அம்மாவுக்குத்தான் எழுத்துக் கூட்டத் தெரியாதே, வாசித்துக் காட்டச் சொன்னால் இந்தப் பக்கங்களைத் தாண்டிவிடுவேன். நீயும் போனில் காட்டிக்கொள்ளாதே.

அம்மா வந்துவிட்டாள். நாலு குடம் கிடைத்ததாம், முகமெல்லாம் சிரிப்பு. குழாயடியில் கண்ணம்மாளும் இனி அந்தச் சபைக்குப் போறதில்லைன்னுட்டா, அவளச் சேத்து ஆறு குடும்பமாச்சு, பிரிசில்லாவுக்கு இதை எழுது, அவ மனசு சித்தெ ஆறும் என்கிறாள். எழுதிவிட்டேன். இனி மறுபடியும் அம்மா சொல்வது.

கண்ணு, கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பார். உன் கை தொடுகிற நோயாளிகள் எல்லாம் சுகமாகட்டும், நீ எழுதப்போகிற பரீட்சை உனக்கு இலகுவாகட்டும். அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார். பனியனைப் போடுமுன் ஒருதரம் வெந்நீரில் அலசிவிடு, புதுத் துணியில் பசை இருக்கும். பார்சல் வந்து சேர்ந்ததும் போன் செய்ய மறக்காதே.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா விஜயராணி
எழுதியது: கீர்த்தனா

அக்கா, கவரை ஒட்டுவதற்கு முன்னால் அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, ஒருதரம் படி, கேட்போம் என்றாள். முதல் வரியிலிருந்து வாசித்தேன். அம்மா தண்ணீருக்குப் போன இடம் வந்தது, அங்கே நிறுத்தாமல், எதையும் தாண்டாமல் வாசித்தேன்.