வர இயலாதவர்களுக்கான கட்டம்

கோயம்புத்தூர்,
சித்திரை 15.

அன்பு மகள் நந்திதாவுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிர்தேசத்தில் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பீர்கள் என்று நம்பி இதை ஆரம்பிக்கிறேன். இங்கே நாங்கள் மூவரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி இருக்கிறது, ஆனால் கல்யாணம் முடிகிற வரை அதைக் கவனிக்க நேரமில்லை என்று முழங்காலிடமே சொல்லிவிட்டாள். ஞாயிறுதோறும் வீடியோவில் பார்த்துக்கொள்கிற காலத்தில் அப்பா எதற்காகக் கூரியரில் கடிதம் அனுப்புகிறார் என்று யோசிப்பாய். வீடியோவில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள், போனை ஸ்பீக்கரில் போடாமல் பேச இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. உன் தம்பி மதனின் முகூர்த்தத்துக்கு இன்னும் முப்பத்தெட்டு நாள் இருக்கிறது. இணைச்சீர்ச் சடங்கில் அவனோடு ஒரே சேலையின் இரு முனையைப் பிடித்து நிற்க வேண்டிய அக்கா நீ. வருகிறாயா இல்லையா என்று உன்னிடமிருந்து எனக்கு ஒரு சொல் வேண்டும், அதற்குத்தான் இந்தக் கடிதம். ஆனால் அந்த இடத்துக்கு வருமுன், உன் பேச்சைக் கேட்டு நான் அச்சடித்த பதில் அட்டைகளுக்கு என்ன ஆயிற்று என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் இரண்டும் ஒரே விஷயம்தான்.

நிச்சயதார்த்தத்தன்று மிஞ்சிய சோற்றை மதன் படமெடுத்து அனுப்பியதைப் பார்த்துவிட்டு, அங்கெல்லாம் அழைப்பிதழோடு பதில் அட்டையும் வைப்பார்கள், இரண்டு வாரத்தில் எல்லோரும் நிரப்பித் திருப்பி அனுப்புவார்கள், சமையலுக்கு எண்ணிக்கை சுத்தமாகக் கிடைக்கும் என்று நீ சொன்னாய். மின்வாரியத்தில் முப்பது வருடம் நினைவூட்டுக் கடிதம் எழுதியவனுக்கு இதைவிடப் பிடித்த வேலை கிடைக்காது. முதல் வாசகத்தை ஒரே மூச்சில் எழுதினேன். தங்கள் குடும்பத்திலிருந்து வருகை தருவோரின் எண்ணிக்கையைச் பங்குனி இருபத்தைந்தாம் தேதிக்குள் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது, தவறும் பட்சத்தில் வருகை இல்லை எனக் கருதப்படும். அம்மா படித்துவிட்டு, "ஏனுங்க, இதென்ன கரண்டு பில்லுங்களா, பதில் போடாட்டி பீஸைப் புடுங்கிட்டுப் போயிருவீங்களா" என்றாள். அடுத்த வாசகத்தில் 'அன்புகூர்ந்து' என்று சேர்த்தேன். அதற்கடுத்ததில் 'கருதப்படும்' போயிற்று. கடைசியில் தேதியும் ஆட்டம் கண்டது, தேதி போட்டால் மறுநாள் பதில் சொல்கிறவரை வரவேண்டாம் என்று சொன்னதாகிவிடுமாம். அதனால் 'பங்குனி இருபத்தைந்து வாக்கில்' என்று அச்சாயிற்று. வாக்கில் என்ற சொல்லுக்கு நம் பக்கம் எத்தனை மாத அகலம் உண்டு என்பது உனக்குத் தெரியும்.

வருகிறோம், வர இயலாது என்று இரண்டு கட்டங்கள் வைத்திருந்தேன். டவுன்ஹால் பக்கம் அச்சகம் வைத்திருக்கும் ஜாவித் அதைப் பார்த்துவிட்டுக் கம்போஸ் செய்கிறவரை நிறுத்தச் சொன்னார். "சார், நானும் இருவது வருசமா பத்திரிகை அடிக்கறனுங்க. நாலு மூலைக்கும் மஞ்சத் தடவுற கார்டுல வரமாட்டேன்னு ஒரு எழுத்து நாம அடிச்சதில்லைங்க. அடிச்சாலும் அதுல ஆரும் டிக் போட மாட்டாங்க, உங்களத்தான் பேசுவாங்க" என்றார். அம்மாவும் அவர் கட்சி. ஆகவே அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டோம். மிஞ்சியது ஒரே கட்டம், வருகிறோம். ஒரே ஒரு விடை மட்டும் அச்சடிக்கப்பட்ட வினாத்தாளை ஊர் ஊராக நேரில் போய், தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு, தபால்தலையும் ஒட்டிக் கொடுத்துவிட்டு வந்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

நானூற்றுப் பன்னிரண்டு அட்டை கொடுத்தோம், முப்பத்தேழு திரும்பி வந்தன. அந்த முப்பத்தேழிலும் எத்தனை பேர் என்ற கோட்டின்மேல் எண் எழுதியவர்கள் ஆறு பேர். மற்றவர்கள் 'குடும்பத்துடன்' என்று எழுதியிருக்கிறார்கள், குடும்பம் எங்கே முடிகிறது என்று எழுதவில்லை. ஒருவர் மணமக்களை வாழ்த்திப் பன்னிரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட மறந்துவிட்டார், யார் என்று இன்றுவரை தெரியாது. ஒருவர் அட்டை அழகாக இருக்கிறதே என்று பூஜையறையில் வைத்திருக்கிறார். உன் சித்தப்பா தனபால் மட்டும் தொண்டாமுத்தூரிலிருந்து, யானை தோட்டத்துக்குள் இறங்காவிட்டால் நான்கு பேர், இறங்கினால் இரண்டு பேர் என்று எழுதியிருக்கிறான். வந்ததில் நேர்மையான பதில் அதுதான். சமையல்காரர் தினமும் காலையில் போன் செய்து, "எலை எத்தனைங்க சார்" என்கிறார். நான் யானையைக் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.

சரி, நேரிலேயே கேட்டுவிடலாம் என்று வெள்ளகோவிலுக்கு உன் மாமா லட்சுமணசாமி வீட்டுக்குப் போனேன். தாய்மாமன், அவர் வராமல் கல்யாணம் இல்லை, ஆனால் அவரோடு எத்தனை பேர் என்று தெரிய வேண்டுமே. அட்டையை எடுத்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். "ஏனுங்க மாப்ள, நீங்க வரச்சொல்லிக் கூப்புட வந்தீங்களா, வருவீங்களான்னு விசாரிச்சுட்டுப் போக வந்தீங்களா? எந் தங்கச்சி பையன் கண்ணாலத்துக்கு நான் தபால்ல எழுதிப் போட்டுத்தான் வரோணும்னா, நீங்களே அந்தக் கட்டத்துல ஒரு கோடு இழுத்துக்குங்க" என்றார். மன்னிப்புக் கேட்டு, இளநீர் குடித்து, கிளம்பப் போகும்போது சும்மா இருக்கமாட்டாமல், எதிர்த்த வீட்டுக்காரர் வருவாரா என்று கேட்டேன். மாமா யோசிக்கவே இல்லை. "அவரு எங்கீங்க வாராரு, கண்ணு ஆப்பரேசனுக்கு நாள் குறிச்சாச்சு. மில்லுக்காரரு வருவாரு, சாப்புட மாட்டாரு, சக்கரை. கீழ்த்தோட்டத்துக்காரங்க ஏழு பேருன்னு சொல்லுவாங்க, நீங்க பதினொண்ணு போட்டுக்குங்க" என்றார். பத்து நிமிடத்தில் இருபத்து மூன்று குடும்பங்களின் கணக்கு கிடைத்தது. மாமா குடும்பம் எத்தனை பேர் என்பதை எதிர்த்த வீட்டுக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஒன்பது.

அப்போதுதான் புரிந்தது. நம் ஆட்களுக்குத் தங்களைப் பற்றிக் கேட்டால் முடியாது என்று சொல்ல வாய் வராது, வந்தர்லாமுங்க, பாக்கலாமுங்க என்பார்கள். அடுத்தவரைப் பற்றிக் கேட்டால் ஆணித்தரமாகச் சொல்வார்கள். அதனால் ஒரு நோட்டுப் போட்டு, யாரிடமும் அவர்களைப் பற்றிக் கேட்காமல் அடுத்தவரைப் பற்றி மட்டும் கேட்டுக்கொண்டு நான்கு நாள் அலைந்தேன். கொடுமுடிக்காரர்களைப் பற்றித் தாராபுரத்தில் கேட்டேன், தாராபுரத்துக்காரர்களைப் பற்றிக் கொடுமுடியில். எண்ணிக்கை மளமளவென்று வந்தது. அச்சகமும் தபால்தலையும் வீண். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்துவிட்டது.

ஐந்தாம் நாள் சத்தியமங்கலத்தில் உன் வள்ளியாத்தாள் அத்தை வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அக்கா தன்னைப் பற்றி, "நான் வாரதென்ன சாமி, நல்லா இருந்தா வந்தர்றேன்" என்று முடித்துக்கொண்டு, மற்றவர்களை வரிசையாகச் சொன்னார், நான் எழுதிக்கொண்டே வந்தேன். நடுவில் நான் கேட்காமலேயே, "அது கெடக்குது தம்பி, நம்ம நந்திதா அம்மணிதான் வரலையாமே, இணைச்சீருக்கு நம்ம தனபால் புள்ள மோகனப்பிரியாவுக்குச் சொல்லிப்போட்டீங்களா? அந்தப் புள்ளைக்கும் சேலை எடுக்கோணுமல்லொ" என்றார். நான் பேனாவை மூடிவிட்டு, சொல்லோணுங்கக்கா என்றேன். வேறென்ன சொல்ல. என் மகளைப் பற்றி எனக்குத் தெரியாது என்று அக்காவிடம் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

பிறகு விசாரித்ததில் தெரிந்தது. உங்கள் வேலை பர்மிட்டைப் புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறதாம், அது கைக்கு வருமுன் வெளியே கிளம்பினால் திரும்ப உள்ளே விடுவது சந்தேகமாம், வைகாசிக்குள் வர வாய்ப்பில்லையாம். இதை நீ மூன்று வாரத்துக்கு முன் தங்கை மோகனப்பிரியாவிடம் சொல்லியிருக்கிறாய். மதனுக்கும் தெரியும். அவன் எட்டடி தள்ளி அடுத்த அறையில் படுக்கிறான். செய்தி உங்கள் எட்மன்டனிலிருந்து தொண்டாமுத்தூர் போய், அங்கிருந்து சத்தியமங்கலம் ஏறி, கடைசியில் என் நோட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. சித்தப்பா அட்டையில் நான்கு பேர் என்று எழுதும்போதே தன் மகளை எங்கள் வீட்டுக் கணக்கில் விட்டுவிட்டான் போலிருக்கிறது, அவன் வீட்டில் ஐந்து பேர்.

நீ வரமுடியாததில் எனக்கு உன்மேல் கோபமில்லை, அரசாங்கம் காகிதம் கொடுத்தால்தான் நகரமுடியும் என்பது எனக்குத் தெரியாததா, நானே முப்பது வருடம் காகிதத்தைக் காட்டி ஆட்களைக் காக்க வைத்தவன். அக்கா வாயிலிருந்து கேட்க வேண்டியிருந்ததில்தான் கோபம். அந்தக் கோபத்தில் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை, பித்தம் என்று அம்மா கஷாயம் வைத்துக் கொடுத்தாள். பிறகு மூன்று ஞாயிறுகளை நினைத்துப் பார்த்தேன். டிக்கெட் போட்டாயா என்று நான் கேட்டபோதெல்லாம் நீ பாக்கலாம்ப்பா என்றாய். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று மற்றவர்களிடத்தில் நான்கு நாளில் கண்டுபிடித்தவன், உன்னிடம் மூன்று முறை கேட்டும் வருகிறாய் என்றே எடுத்துக்கொண்டேன். முடியாது என்று சொல்ல உனக்கு நானும் இடம் வைக்கவில்லைதான். ஒவ்வொரு முறையும் எந்தத் தேதிக்கு டிக்கெட் என்றுதான் கேட்டேன், வர முடியுமா என்று கேட்கவில்லை.

ஆனால் அம்மாவுக்கு இன்னும் தெரியாது. உனக்கு இணைச்சீர்ச் சேலை எடுத்தாயிற்று, அரக்கில் மாம்பழக்கலர் பார்டர். நீ விட்டுப்போன பழைய ரவிக்கையை அளவுக்குக் கொடுத்திருக்கிறாள், கை மட்டும் அரை இஞ்ச் தளர்த்தச் சொல்லி. யார் கேட்டாலும், "நந்திதா பத்து நாளைக்கு முந்தியே வந்துருவாளுங்க" என்கிறாள். அவளிடம் யாரும் உண்மையைச் சொல்லவில்லை என்றால், ஊரில் பாதிப் பேருக்குத் தெரிந்தும் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல மனம் வரவில்லை என்றுதான் அர்த்தம். நான் சொல்லலாம். நான் சொன்னால், நீ அவளை விட்டு என்னிடம் முதலில் சொன்னதாக அவள் நினைப்பாள், அது எனக்கு வேண்டாம், அது உண்மையும் இல்லை.

ஆகவே கேட்டுக்கொள். வேலையையும் பர்மிட்டையும் விட்டுவிட்டு அவசரத்தில் கிளம்பி வராதே, அப்படி வந்தால் நான் வாசலிலேயே சண்டை போடுவேன். காகிதம் வந்துவிட்டால் வா, வராவிட்டால் வரவேண்டாம், ஆனால் இரண்டில் எது என்று வைகாசி பிறக்குமுன் தெரிய வேண்டும். மோகனப்பிரியாவை நானும் அம்மாவும் முறையாகத் தட்டு வைத்துப் போய் அழைக்க வேண்டும், ஆள் கிடைக்காததால் கூப்பிட்டது போல் அந்தப் பெண்ணுக்குத் தோன்றக் கூடாது. அவளும் மதனுக்கு அக்கா முறைதான், அவன் தோளில் ஏறி மாங்காய் பறித்தவள். மதனைத் திட்டாதே, நான் திட்டியாயிற்று. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். காலையில் வெறும் காப்பியோடு வேலைக்கு ஓடாதே.

நீங்கள் இருவரும் எங்கே இருந்தாலும் குறையில்லாமல், கேட்ட காகிதமெல்லாம் கைக்கு வந்து நன்றாக இருக்க வேண்டும் என்று மாரியம்மனிடம் வேண்டிக்கொள்கிறேன். ஒன்றை மட்டும் மறக்காதே. வருகிற ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு ரவிக்கை தைத்து வந்துவிடும், அம்மா அந்தச் சேலையை வீடியோவில் பிரித்துக் காட்டப் போகிறாள். அவள் அலமாரிப் பக்கம் எழுந்து போவதற்குள் அவளிடம் நீயே சொல்லிவிடு. நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன்.

உன் அப்பா,
திருமூர்த்தி