உன் சாவுக்கு வந்தவர்கள்

ஹட்டன்
12.03.2007

அன்பு மகள் ஷாமிலாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் தம்பியும் மாரியம்மா புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம், குவைத் வெயிலில் நீயும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்றுதான் தினமும் விளக்கேற்றுகிறேன்.

போன வாரம் நீ போன் கோல் எடுத்தபோது, பின்னால் ஒப்பாரி கேட்கிறதே, யாரும்மா செத்துப்போனது என்று கேட்டாய். எனக்கு அழுகைதான் வந்தது, ஏன் இத்தனை நாள் பேசவில்லை என்றுகூடக் கேட்க முடியவில்லை, அதற்குள் லைன் அறுந்துவிட்டது. இப்போது சொல்கிறேன். செத்தது நீதான்டி.

மாசக் கணக்கில் உன் கடிதமும் இல்லை, போனும் இல்லை என்று நான் சோறு இறங்காமல் கிடந்ததைப் பார்த்து தம்பி துஷாந்த் டவுன் இன்டர்நெட் கடையில் போய் நீ வேலை செய்கிற தெருவின் பேரைப் போட்டுத் தேடியிருக்கிறான். முதலில் வந்ததே அந்தத் தெருவில் மாடி வீடு எரிந்து இலங்கைப் பணிப்பெண் ஒருத்தி இறந்தாள் என்ற செய்தி. பேர் இல்லை. கடைக்காரர் வேறு, எது மேலே வருகிறதோ அதுதான் புதுசு, அதுதான் சரி என்று சொல்லிவிட்டார். அழுதுகொண்டே ஓடி வந்தான். அப்பாவுக்கு எதையும் ஆறப்போட்டுப் பழக்கமில்லையே, உடனே பழனியாண்டி மாமாவிடம் சொல்லித் தப்படிக்க வைத்துவிட்டார். சாவு மேளம் கேட்ட பிறகு யார் தேயிலை மலையில் நிற்பார்கள், கொழுந்துக் கூடையோடு அத்தனை பேரும் இறங்கி நம் லயத்து வாசலுக்கு வந்துவிட்டார்கள், கங்காணி கத்தியது யார் காதிலும் விழவில்லை. பக்கத்து வீட்டு நாகலெட்சுமி அக்கா என்னைக் கட்டிக்கொண்டு உன் பேரைச் சொல்லி ஒப்பாரி வைத்தாள். அந்த நேரத்தில்தான் அவள் வீட்டுப் போனுக்கு நீ எடுத்தாய்.

மறுநாள் தம்பி போய்ப் பொறுமையாகப் படித்தால், அது நீ அங்கே போவதற்கு முந்தியே நடந்த தீயாம். எல்லாரும் அவனைத் திட்டுகிறார்கள், நான் திட்டவில்லை. செத்தவள் யார் பெற்ற பிள்ளையோ, அவளுக்கும் சேர்த்துத்தான் அழுதோம் என்று நினைத்துக்கொண்டேன். நீயும் அங்கே யாராவது கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு நம் பக்கம் மண்சரிவு, அது இது என்று சொன்னால் முதலில் ஒரு போன் போட்டுக் கேள், பிறகு அழலாம்.

அப்பா இதைச் சொல்லிச் சொல்லி இப்போது சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை ஷாமிலா. நீ செத்துப்போனாய் என்றதும் தோட்டமே வந்து உட்கார்ந்தது, உயிரோடு இருக்கிறாய் என்றதும் எழுந்து போய்விட்டது. நான் மட்டும் இன்னும் வாசலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, மாசத்துக்கு ஒரு தடவையாவது குரலைக் காட்டு. மாரியம்மா உன்னைப் பத்திரமாக என் கையில் கொடுக்கட்டும்.

உன்னைப் பெற்றவள்
காளியாயி