சட்டைப் பையோடு வந்த சாவி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், என் முழங்கால் மட்டும் தனிக்கட்சி நடத்துகிறது. நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன்.

அடுத்த மாதம் முதல் அந்த ஆபீஸ் வாசலை மிதிக்க மாட்டேன், இரண்டு மாத நோட்டீஸும் வேண்டாம், கடைசிச் சம்பளமும் வேண்டாம் என்று நீ எழுதியதைப் படித்ததும் அம்மா என்னைத்தான் முறைத்தாள். "அப்படியே அப்பனை உரிச்சு வச்சிருக்கு" என்றாள். எல்லார் முன்னாலும் உன்னைத் திட்டிய மேலதிகாரியிடம் நீ இருக்கவே வேண்டாம், விட்டுவிடு. ஆனால் வேலையை எப்படி விடக்கூடாது என்பதில் உன் அப்பன் பட்டம் வாங்கியவன், கேள்.

நீ கைக்குழந்தை, நான் போல்ட் நட் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். மேனேஜர் ஏதோ சொல்லிவிட்டார் என்று ராஜினாமாவை மேசையில் எறிந்துவிட்டு ராஜா மாதிரி வெளியே வந்தேன். பஸ்ஸில் பாதி வழியில் சட்டைப் பையைத் தடவினால் ஸ்டோர் சாவி! திரும்பிப் போனால் மானம் போய்விடுமே, வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். "சண்டை அவரோட, சாவி என்ன பண்ணுச்சு?" என்று கேட்ட அம்மா, மறுநாள் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்க் கொடுத்தாள். ஒரு வாஷர் எடுக்க வழியில்லாமல் அங்கே இரண்டு மெஷின் நின்று கிடந்ததாம். மேனேஜர் கத்தவில்லை, "ஒரு மாசம் இருந்து ஒப்படைச்சுட்டுப் போகச் சொல்லும்மா, முறையா கணக்கு முடிச்சுத் தர்றேன்" என்றாராம்.

தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனேன். பிஸ்கட் டப்பாவில் வாஷர், பவுடர் டப்பாவில் ஸ்பிரிங் என்று எனக்கு மட்டுமே புரிந்த அந்த ராஜ்யத்தில் ஒவ்வொன்றுக்கும் பேர் எழுதி ஒட்டுவதற்கே முப்பது நாளும் சரியாகப்போனது. அந்த எண்ணெய் வாடை இப்போதும் மூக்கில் நிற்கிறது. கடைசி நாள் சாவியை ஆணியில் மாட்டும்போது ஃபிட்டர் பக்கத்தில் வந்து, "இனி எல்லாம் நாங்களே எடுத்துக்கலாம், ஆனா எங்களை யாருண்ணே திட்டுவாங்க?" என்றான். கையில் வந்த அனுபவச் சான்றிதழைக் காட்டித்தான் அடுத்த வேலை, அதில்தான் உன் படிப்பெல்லாம். சம்பளம் எவ்வளவு வந்தது என்பது மறந்தேபோச்சு, ஃபிட்டர் சொன்னது மறக்கவில்லை. சாவி எடுத்துவந்த அன்றோடு ஓடியே போயிருந்தால் அது எனக்குக் கிடைத்திருக்காது.

நீ சேரப்போகிற புது கம்பெனிதான் இரண்டு மாதம் காத்திருக்கிறேன் என்கிறதே, பிறகென்ன? தேதி போட்டு எழுதிக் கொடு, நகலில் கையெழுத்து வாங்கு, மிச்ச லீவுக்கும் பணம் உண்டா என்று கேள். அறுபது நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இரு, அப்புறம் நிமிர்ந்து நடந்து வா. நீ நன்றாக இருப்பாய், எங்கள் ஆசி எப்போதும் உண்டு. ஒன்று மட்டும் மறக்காதே, கிளம்பும் அன்று கைப்பையை நன்றாகத் துழாவிப் பார். உன்னைத் தூக்கிக்கொண்டு போக அம்மாவுக்கு இப்போது தெம்பில்லை.

இப்படிக்கு,
சாவியைத் திருடாத உன் அப்பா