எண்ணெய் முள் ஏறிய நாள்

அன்பு மகன் நௌஃபலுக்கு ஸ்ஃபாக்ஸிலிருந்து உம்மி எழுதுவது. அல்லாஹ்வின் கருணையால் நானும் பாபாவும் சுகம், மொன்ட்ரியல் குளிரில் நீயும் மருமகளும் காய்ச்சல் சளி இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொள்கிறேன். ஒலிவ் பறிப்பு முடிந்தது, காய்ப்பு சுமார்தான். பாபாவின் பழைய பெஜோ கார் என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தாய், அது பெரிய கதை, பொறுமையாகப் படி.

விற்றுவிடலாம் என்று நீயும் நானும் பஷீர் சித்தப்பாவும் பேசி முடித்தோம் அல்லவா, வாங்க வருகிறவர் எஞ்சின் ஓடுவதைக் கேட்டால்தான் எடுப்பேன் என்று சொல்லிவிட்டார். பாபாவுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து ஆறு வருஷமாகக் கொட்டகையில் நின்ற வண்டி. சித்தப்பா புது பேட்டரி மாட்டி, பெட்ரோல் ஊற்றி, சாவியைப் போட்டார். கொஞ்சம் வெயில் படட்டும் என்று பாபாவையும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தேன். அவர் உடனே "வேண்டாம்" என்றார். உனக்குத்தான் தெரியுமே, அவருக்கு மிஞ்சியது அந்த ஒரு வார்த்தைதான், குளிக்கக் கூப்பிட்டாலும் வேண்டாம், மாத்திரை கொடுத்தாலும் வேண்டாம். சித்தப்பா சிரித்துக்கொண்டே, "அண்ணே, இதுக்குமா வேண்டாம்? முப்பது வருஷம் லாரி ஓட்டுனவன், எனக்கு ஒரு காரைக் கிளப்பத் தெரியாதா?" என்றார். நானும், "அவர் சொல்றதைப் பாத்தா ஒரு வேலையும் நடக்காது, நீங்க கிளப்புங்க" என்றேன். சொன்னவள் நான்தான், மறைக்க மாட்டேன்.

பாபா எழுந்தார் நௌஃபல். சுவரைப் பிடித்துக் காலை இழுத்து இழுத்து வந்து, இடது கையால் பேட்டரி வயரைப் பிடுங்கி எறிந்தார். பிறகு தன் பழைய கருவிப் பெட்டியைக் கிளறி, குழாயோடு இருந்த ஒரு வட்ட மீட்டரை எடுத்துத் தம்பியின் மார்பில் அழுத்தினார். சித்தப்பாவின் சிரிப்பு நின்றது. "அண்ணி, ஆயில் பிரஷர் பாக்கச் சொல்றார்!" என்றார். மீட்டரை எஞ்சினில் முடுக்கினார்கள், நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றினார்கள். பிளக் இல்லாவிட்டால் எஞ்சின் பற்றாதாம், வெறுமனே சுற்றும், அடியில் கிடக்கும் எண்ணெய் மேலே ஏறுகிறதா என்று பார்க்க அது போதுமாம். சித்தப்பா பேட்டரி வயரை மறுபடி மாட்டி மூன்று தடவை சுற்ற விட்டார், முள் அசையவே இல்லை. அடித்தட்டைக் கழற்றினால் எண்ணெய் தார் போல் உறைந்து வடிகட்டியை அடைத்துக் கிடக்கிறது. சித்தப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "கிளப்பியிருந்தா ரெண்டு நிமிஷத்துல உள்ள எல்லாம் உரசி எஞ்சினே செத்திருக்கும் அண்ணி" என்றார்.

மறுநாள் எல்லாவற்றையும் கழுவிப் பூட்டி, புது ஆயில் ஊற்றிச் சுற்றினார்கள். முள் நடுங்கியது, ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறி நின்றது. பிளக்குகளை மாட்டிக் கிளப்பினதும் சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. சித்தப்பா அண்ணன் தலையில் முத்தமிட்டு, "மன்னிச்சிரு அண்ணே" என்று அழுதார், பாபா அவரைத் தள்ளிவிட்டு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை வாங்குகிறவர் வந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, விற்பதா என்று வண்டிக்குச் சொந்தக்காரரை நாம் ஒருத்தரும் கேட்கவில்லையே! எல்லார் முன்னாலும் பாபாவிடம் கேட்டேன், "மொக்தாத், இதைக் குடுத்திரலாமா?" அந்த வார்த்தை வந்துவிட்டால் வந்தவரைத் திருப்பி அனுப்பிவிடுவது என்றே இருந்தேன். அவர் வண்டியை வெகுநேரம் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. சாவியை வாங்கித் தன் கையாலேயே கொடுத்தார், ஆனால் வந்தவர் அந்த முள்ளைக் குனிந்து பார்க்கும்வரை அவர் சட்டையைப் பிடித்த பிடியை பாபா விடவில்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒரே உறுத்தல். தினமும் காலையில் சோளக் கஞ்சியை நீட்டுவேன், வேண்டாம் என்பார், நோய் பேசுகிறது என்று ஊட்டிவிடுவேன். நேற்று ஊட்டாமல், "இது பிடிக்கலையா?" என்று கேட்டேன். நௌஃபல், அவர் ஆமாம் என்று தலையை ஆட்டினார், கண் நிறைந்துவிட்டது. மிளகாய் போட்டு முட்டை பொரித்துக் கொடுத்தேன், தட்டை வழித்துத் தின்றார். ஆறு வருஷம் கஞ்சி, மகனே.

கோடையில் நீ இங்கே வரும்போது, பாபா இனி எங்கே யாரோடு இருப்பது என்று நீயும் நானும் முடிவு செய்ய வேண்டாம், அவரையே கேள். பதில் வர நேரமாகும், காத்திரு. கழுத்துத் துணி இல்லாமல் வெளியே போகாதே. உங்கள் வீட்டில் பரக்கத் நிறையட்டும், கையில் எடுத்த காரியம் எல்லாம் நலமாக முடியட்டும்.

உன் உம்மி
வஸீலா