சரிந்த மூலை

ஐப்பசி, செவ்வாய் இரவு

நேற்றைய மழையில், இன்னும் கூரை போடாத எங்கள் புது வீட்டு மண்சுவரின் ஒரு மூலை சரிந்துவிட்டது. சேதி கேட்டு, சிமெண்டுலயே கட்டு என்று முதலிலிருந்தே சொல்லிவந்த அண்ணன் சின்னமனூரிலிருந்து டிராக்டரில் சிமெண்டு மூட்டைகளோடு வந்துவிட்டார்.

"இப்பவாவது கேளு ஆத்தா. நாளைக்குப் புள்ளைக மேல விழுந்தா என்ன செய்வ?"

நான் ஒரு மூட்டையைக்கூட இறக்க விடவில்லை.

"கூரைக்கு முன்னாடி மழ முந்திக்கிச்சுண்ணே. அம்புட்டுத்தான். விழுந்த மண்ணுலயே சுண்ணாம்பு சேத்துக் குழைச்சுத் திரும்ப வைப்பேன். சிமெண்டுச் சுவரு விழுந்தா அப்பிடி வைப்பீகளா?"

கோபமாக டிராக்டரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

நான் மண்ணை மிதிக்க ஆரம்பித்தேன். இத்தனை நாளும் அண்ணன் பக்கமே பேசிய என் வீட்டுக்காரர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார். இருட்டும்வரை மிதித்தோம்.

இப்போது மறுபடி வானம் இடிக்கிறது. இடிக்கட்டும். சுவர் மேல் தார்ப்பாய் கட்டியாச்சு.