முதல் தண்ணீர் எத்தனை அடியில்

உடப்புசல்லாவை
14.10.2024

அன்புள்ள என் கணவர் அழகுமுத்து அவர்களுக்கு,

பூரணி எழுதுகிறேன். நானும் மகள் நிஷாந்தியும் சுகம். கட்டாரில் வெயில் கொஞ்சம் தணிந்திருக்கும் என்று நினைக்கிறேன். போனில் குழாய்க் கிணற்றைப் பற்றிப் பேச்செடுத்தாலே உங்களுக்கு லைன் விட்டுப்போகிறது. கடிதம் அப்படிப் பாதியில் நிற்காது. லீவு முடிந்து கட்டாருக்குத் திரும்பும் மேல் லயத்து வீட்டு ஜெயகாந்தனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நீங்கள் வேலை செய்த கம்பெனி போட்ட அந்தக் கிணற்றால் தினமும் சண்டை. அடிக்கும்போது தண்ணீர் கண்ணாடி போலத்தான் வருகிறது. ஒரு மணி நேரம் வாளியில் நின்றால் செம்மஞ்சளாகிவிடும். அழுகின முட்டை வாடை வேறு. அதில் தேத்தண்ணி ஊற்றினால் மை மாதிரிக் கறுக்கிறது. தேயிலை மலையில் இருந்துகொண்டு ஒரு வாய் தேத்தண்ணிக்கு வழியில்லை. நிஷாந்தியின் வெள்ளைச் சீருடை மஞ்சளாகி, பள்ளிக்கூடத்தில் ஏச்சு வாங்கிக்கொண்டு வந்தாள்.

சனம் பழையபடி கீழே ஓடைக்குப் போகிறது. மேலே மரக்கறித் தோட்டத்தில் அடிக்கிற பூச்சி மருந்தெல்லாம் அதில்தான் இறங்குகிறது. போன மாதம் பக்கத்து வீட்டு ராக்காயியின் மகள் வாந்தியும் வயிற்றோட்டமுமாக நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பிழைத்துக்கொண்டாள். ஆனால் ராக்காயி என் முகத்தைப் பார்ப்பதில்லை. கிணறு வேண்டும் என்று வீடு வீடாகக் கையெழுத்து வாங்கியவள் நான்தானே.

தோட்டத்துரையிடம் மூன்று தடவை போனேன். ஆளனுப்பிக் குளோரின் கொட்டினார்கள். தண்ணீர் இன்னும் பழுப்பானதுதான் மிச்சம். உங்கள் பழைய முதலாளி, கல்லின் குணத்துக்கு நான் என்ன செய்ய என்று கையை விரித்துவிட்டார்.

கடைசியில் பல்கலைக்கழகத்திலிருந்து பிரியந்தி என்ற மிஸ் வந்து போத்தலில் தண்ணீர் பிடித்துப் போனார். திரும்பி வந்து பொறுமையாக விளக்கினார். மிக ஆழத்தில், கல் வெடிப்புகளுக்குள், காற்றே படாமல் தண்ணீர் பல காலம் தேங்கி நிற்குமாம். அங்கேயும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் இருக்கின்றனவாம். மூச்சுக்குக் காற்று இல்லாததால் அவை கல்லில் உள்ள இரும்பை வைத்தே பிழைக்குமாம். அதில் இரும்பு தண்ணீரில் கரைந்துவிடுகிறது. அந்த வாடையும் அப்படிப்பட்ட உயிர்களின் வேலைதான். மேலே வந்து காற்றுப் பட்டதும் இரும்பு துருவாகிறது. சனம் பேசிக்கொண்டது போல யாரும் எங்களுக்குச் சாபம் போடவில்லை என்று தெரிந்ததே பெரிய நிம்மதி.

அவர் சொன்னபடி பீப்பாயில் மணலும் கரியும் போட்டு வடித்துப் பார்த்தோம். நிறம் குறைந்தது, வாடை போகவில்லை. நாலு குடும்பம்தான் எடுக்கிறது. மேல் வெடிப்பில் நல்ல தண்ணீர் இருந்தால், அதற்குக் கீழே உள்ள துளையைச் சீமெந்தால் அடைத்துவிடலாமாம். அதற்கு, துளை போடும்போது முதல் தண்ணீர் எத்தனை அடியில் வந்தது என்று தெரிய வேண்டும். கமரா இறக்கிப் பார்க்க எங்கள் முறை வர ஒரு வருடம் ஆகும் என்கிறார்கள். கம்பெனியில் பதிவு தொலைந்துவிட்டதாம்.

நீங்கள் அடிக்கணக்கு எழுதிய பச்சை அட்டைக் கொப்பியை வீடு முழுக்கத் தேடினேன். நல்ல சட்டையைக்கூட விட்டுவிட்டுப் போன மனிதர் அதை மட்டும் எடுத்துப் போயிருக்கிறீர்கள்.

உங்களோடு வேலை செய்த மாயாண்டியை நேற்றுப் பிடித்துக் கேட்டேன். அவர் சொன்னார்: "மொதத் தண்ணியே நல்லாருக்கு, இதோட நிப்பாட்டிருவோம்னு அண்ணன் சொன்னாரு. மொதலாளி கேக்கல. கீழ் வெடிப்புல வந்த நாத்தம் எங்க ரெண்டு பேருக்கும் அன்னைக்கே தெரியுங்க அண்ணி."

உங்கள் கட்டார் வேலைக்குச் சிபாரிசுக் கடிதம் கொடுத்தவரும் அதே முதலாளி. அதை நான் மறக்கவில்லை. ஆனால் நான் கையெழுத்துக்கு அலைந்தபோதும், கிணற்றுக்குப் பொங்கல் வைத்தபோதும், பக்கத்தில் நின்றுகொண்டு எப்படி ஒன்றும் சொல்லாமல் இருந்தீர்கள்? அதுதான் எனக்கு ஆறவில்லை.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு கோயிலடியில் கூட்டம். பிரியந்தி மிஸ்ஸும் வருகிறார். அந்த அடிக்கணக்கை எழுதி அனுப்புங்கள். உங்கள் கையால் எழுதி, பெயரையும் போடுங்கள். எல்லோர் முன்னாலும் நானே வாசிக்கிறேன். ஏசுகிறவர்கள் என்னை ஏசட்டும், நான் நின்று கேட்டுக்கொள்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். முருகன் உங்களுக்கு நல்ல சுகத்தையும், எழுதக் கொஞ்சம் தைரியத்தையும் கொடுக்கட்டும்.

இன்னும் உங்கள் பக்கம் நிற்கிற,
பூரணி