ஒரே தாளில் இரண்டு தலைகள்

திங்கட்கிழமை காலையில் லேபைத் திறந்து ஏசியைப் போட்டால், அறை இருபது டிகிரிக்கு வர முக்கால் மணி நேரம் ஆகும். அதுவரை எதையும் அளக்கக் கூடாது. அந்த நேரத்தில் நான் இரும்புக் கட்டைகளைத் துடைத்துக்கொண்டிருப்பேன் என்பது உனக்குத் தெரியும். கம்பெனிகளிலிருந்து வருகிற அளவுக் கருவிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்பதை இந்தக் கட்டைகளோடு ஒப்பிட்டுத்தான் சொல்கிறோம். இன்று ஸ்பிரிட் பாட்டிலின் மூடியைத் திருகினேன். பச்சிளங்குழந்தை வார்டுக்குள் போகும் முன் கையில் தேய்த்துக்கொள்ளச் சொல்வார்களே, அதே வாசனை. துணியைப் பிடித்தபடி நின்றேன். அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அறை இருபதுக்கு வந்துவிட்டது. வேலையைத் தொடங்கினேன்.

இப்போது மதியச் சாப்பாட்டு நேரம். டப்பாவைத் திறக்காமல் இதை எழுதுகிறேன். பையனைப் பற்றி உனக்கு ஒன்று சொல்ல வேண்டும்.

நீ முதலில் வந்தது இந்த மேசைக்குத்தான். கும்மிடிப்பூண்டியில் உன் கம்பெனியின் கருவிகளை ஒரு பையில் போட்டு, அதை மடியில் வைத்துக்கொண்டு, இவ்வளவு தூரம் வேனில் வந்தாய். பையை என்னிடம் கொடுத்ததும் சுற்றிப் பார்த்துவிட்டு, "இரும்புக்குக் கூட ஏசி போட்டுக்கீறீங்க லேப் சாரு, எங்க லைன்ல மனுஷனுக்கே ஃபேனு ஓடல" என்றாய். உன் கருவிகளில் ஒன்று தேறவில்லை. நீ விடவில்லை.

"உங்க கட்டையோட வச்சிப் பாத்துட்டு எங்களுத தப்புன்றீங்க. உங்க கட்டைய யாரு பாத்தா?"

"அதுக்கு மேல ஒரு லேப் இருக்கு. வருஷா வருஷம் அங்க அனுப்புவோம்."

"அதுக்கு மேல?"

"அதுக்கும் மேல ஒண்ணு இருக்கு."

"அய்ய, அப்படியே போய்க்கினே இருந்தா கடைசில ஆளே இல்லாத எடத்துக்குத்தான் போவும்" என்று சிரித்தாய். கல்யாணம் ஆன பிறகும் எனக்கு லேப் சாருதான் பெயர். கோபம் வந்தால் மட்டும் "யோவ்".

பிரஷர் ஏறி, ஏழாம் மாதத்திலேயே ஆபரேஷன் செய்து இரண்டையும் எடுத்தார்கள். முதலில் பாப்பா, ஒரு நிமிடம் கழித்துப் பையன். மூன்றாம் நாள் உன்னைச் சக்கர நாற்காலியில் வைத்து வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போனேன். கைக்கு அந்தத் திரவத்தைத் தேய்த்துக்கொண்டே, "ஒண்ணொண்ணா காட்டு. ரெண்டையும் ஒண்ணா பாத்தா ஒண்ணையும் பாத்தா மாதிரி இருக்காது" என்றாய். பாப்பாவின் கண்ணாடிப் பெட்டி அருகே உன்னை நிறுத்தினேன். வெகுநேரம் பார்த்தாய். விரலை உள்ளே விட்டாய், அவள் பிடித்துக்கொண்டாள். அடுத்த வரிசையில் பையனைச் சுற்றி மறைப்புத் துணி போட்டிருந்தார்கள். மூச்சுக் குழாயை மாற்றிக்கொண்டிருந்தார்கள். "இப்ப முடியாதும்மா" என்றார் நர்ஸ்.

"செரி, நாளைக்குப் பாத்துக்கறேன். எங்க போவப் போறான்" என்றாய்.

மறுநாள் உனக்குத் தலைவலி என்றார்கள், கட்டிலை விட்டு இறக்கவில்லை. அதற்கு அடுத்த நாள் காலை உனக்கு எல்லாம் முடிந்துவிட்டது.

அதன் பிறகு நான் தினமும் இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில் நின்றேன். வயதான நர்ஸ் ஒருவர் இருந்தார். "பொண்ணு கெட்டி சார், புட்சிக்குவா. பசங்கதான் கொஞ்சம் பேஜார் பண்ணுவானுங்க" என்பார். ஒரே நாளில், ஒரே வயிற்றிலிருந்து வந்தவர்களுக்குள் அப்படி என்ன வித்தியாசம் என்று நான் கேட்கவில்லை. ஆனால் அவர் சொன்ன மாதிரியே நடந்தது. பாப்பா முதலில் குழாயை விட்டாள், முதலில் பால் குடித்தாள், மூன்று வாரம் முன்னாலேயே வீட்டுக்கு வந்தாள்.

அவள் வரும்போது ஒரு ஃபைல் கொடுத்தார்கள். அந்த நர்ஸே பிரித்துப் பக்கம் பக்கமாகக் காட்டினார். ஒரு தாளில் வளைந்த கோடுகள். தலையைச் சுற்றி அளந்து அதில் புள்ளி வைக்க வேண்டும், மூளை எப்படி வளர்கிறது என்பது அதில் தெரியும் என்றார். எனக்குப் புரிந்த ஒரே பாஷை அது. அன்றே அந்தக் கோடுகளையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டேன். பையன் வந்தபோது வேறு ஒரு நர்ஸ் அவனுடைய ஃபைலைச் சும்மா கையில் கொடுத்தார். அட்டையில் பெரிய எழுத்தில் உன் பெயர், உன் குழந்தை என்று, பக்கத்தில் இரண்டு என்ற எண். என்னால் அதைப் பிரிக்க முடியவில்லை. பீரோவில் உன் புடவைகளுக்கு அடியில் வைத்தேன். ஷீட்டில் இன்னொரு நிறத்தில் ஒரு வரிசை சேர்த்தேன்.

ஒவ்வொரு ஞாயிறும் அளந்தேன். ஆஸ்பத்திரியில் கொடுத்த காகித டேப், ஒவ்வொரு தலைக்கும் மூன்று தடவை, அதில் பெரிய அளவு. உன் அம்மா வாசற்படியில் உட்கார்ந்து பார்ப்பார்.

"இன்னா மாப்ள, சட்டை தைக்கவா அளவெடுக்கறீங்க?"

"தலை அத்தை."

"தலைக்குத் தொப்பியா?"

நீ போனதிலிருந்து அத்தை எங்களோடுதான் இருந்தார். ஆரம்பாக்கத்தில் மாமாவை மருமகள்தான் பார்த்துக்கொண்டாள், அவருக்கு முழங்கால் வலி. பகலில் செவ்வாப்பேட்டையிலிருந்து என் அக்கா வந்து கைகொடுப்பாள். அப்படியே மாதங்கள் போயின. பாப்பாவின் புள்ளிகள் நடுக்கோட்டில் ரயில் மாதிரி போயின. பையனுடைய புள்ளிகள் ஏறிக்கொண்டே வந்து மேல் கோட்டைத் தொட்டன. தலை இப்படி ஏறினால் உள்ளே நீர் கோத்திருக்கலாம் என்று எங்கோ படித்தேன். பாப்பா கவிழ்ந்து, தலையைத் தூக்கி, "தா தா" என்று ஆரம்பித்துவிட்டாள். அவன் மல்லாந்தே கிடந்தான். கூப்பிட்டால் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் திரும்புவான். பெரிய தலை, மெதுவான பிள்ளை. இரண்டையும் சேர்த்து நானே ஒரு முடிவுக்கு வந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அது உண்மையாகிவிடும் போலிருந்தது.

போன மாதம் அத்தை, "ரெண்டு கொயந்தையையும் நான் ஆரம்பாக்கத்துக்கு இட்டுக்கினு போறேன் மாப்ள. அங்க மருமக கீறா, இவரும் கீறாரு. நீங்க வாராவாரம் வந்து பாருங்க" என்றார்.

"பாப்பாவ இட்டுக்கினு போங்க அத்தை. பையன் என்கிட்ட இருக்கட்டும்."

நான் நினைத்தது இதுதான்: நன்றாக இருப்பவள் எங்கே இருந்தாலும் வளர்ந்துவிடுவாள். இவனுக்கு வரப்போவது பெரிய வேலை, அதை நான் தனியாகப் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் அத்தையின் முகம் மாறிவிட்டது.

"ஓ. ஆம்பள புள்ள மட்டும் வேணும். என் பொண்ணு பெத்த பொண்ணு ஒங்களுக்கு ஆவாதா?"

நான் எழுந்து தொட்டிலை ஆட்டப் போனேன். இரண்டு நாள் எனக்குச் சாப்பாட்டைத் தட்டில் போட்டுவிட்டு, எதிரே உட்காராமல் உள்ளே போனார். ஞாயிற்றுக்கிழமை பாப்பாவோடு கிளம்புவது என்று ஆனது. அந்த வெள்ளிக்கிழமை குழந்தைகள் இருவரையும் வளர்ச்சியைப் பார்க்கிற டாக்டரிடம் காட்ட வேண்டியிருந்தது. அத்தை பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

டாக்டர் நடுவயதுப் பெண். நான் அச்செடுத்துப் போன தாளை வாங்கி, "யாரு போட்டது இது? எங்க ஜூனியருங்க கூட இவ்ளோ அழகா போட மாட்டாங்க" என்றார். பிறகு குனிந்து பார்த்தார். "ஒரு நிமிஷம். ரெண்டு பேருக்கும் ஒரே சார்ட்டா?"

"ஆமா மேடம். ஒரே நாள்ல பொறந்ததுங்க."

"இது பொண்ணுங்க சார்ட்டுப்பா. பசங்களுக்கு வேற. இதுல வச்சா எந்தப் பையனுக்கும் தல கொஞ்சம் பெருசாத்தான் காட்டும். இவனோட ஃபைலு எங்க?"

அத்தை கட்டைப்பையிலிருந்து அதை எடுத்து நீட்டினார். "புடவைக்கு அடியில இருந்துச்சி. அவ பேரு போட்டிருக்கவே எடுத்துக்கினு வந்தேன்."

உள்ளே பிரிக்காத நீலத் தாள் ஒன்று இருந்தது. டாக்டர் பேனாவால் என் எண்களையெல்லாம் அதில் புள்ளியாக வைத்தார். கோடுகளுக்கு உள்ளே, நடுவுக்குக் கொஞ்சம் மேலே, ஒழுங்காகப் போனது. உச்சிக்குழியைத் தொட்டுப் பார்த்தார். வார்டில் எடுத்த மூளை ஸ்கேனைப் படித்தார்.

"அப்ப தண்ணி இல்லையா மேடம்?"

"இல்லப்பா."

"இன்னா தண்ணி?" என்றார் அத்தை.

டாக்டர் அவருக்குச் சொன்னார். அத்தை பாப்பாவை மறுதோளுக்கு மாற்றிவிட்டு, காலியான கையால் என் முதுகில் ஒன்று வைத்தார். வலித்தது. "இதுக்காவா பையன உட மாட்டேன்னீங்க? வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா? நான் ஒங்கள இன்னா இன்னாவோ நெனச்சிக்கினேன்" என்று அங்கேயே அழுதார். நான் நாற்காலியின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று உனக்குச் சொல்ல முடியாது. அவன் மெதுவாகத்தான் வருகிறான் என்று டாக்டரும் சொன்னார். ஆண் குழந்தைகளுக்கு மூளை சராசரியாகக் கொஞ்சம் பெரிதாக இருக்குமாம், அதனால் அறிவு கூடும் குறையும் என்று எதுவும் இல்லையாம். ஆனால் குறைமாதத்தில் பிறந்தவர்களில் பையன்களுக்குத்தான் சிரமம் அதிகம் வருகிறது, பேச்சிலும் கை காலிலும் பெண் குழந்தைகள் முந்திக்கொள்வதை நிறையப் பேரிடம் பார்க்கிறோம் என்றார். "ஏன்னு எங்களுக்கே முழுசா தெரியல. எல்லாருக்கும் அப்படின்னும் இல்ல. இவளப் பாத்து இவனுக்கு மார்க் போடாதீங்க. இவன் போன மாசத்துக்கு இந்த மாசம் என்ன பண்றான், அத மட்டும் பாருங்க." கை கால் பயிற்சிக்கு வாரம் ஒருமுறை வரச் சொன்னார். ஒரு வயதில், இரண்டு வயதில் மறுபடி பார்க்க வேண்டும்.

எழுதிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டார்: "பையன் எதுக்குச் சிரிப்பான்?"

எனக்குத் தெரியவில்லை. அவன் தலையின் சுற்றளவு எனக்கு மில்லிமீட்டர் கணக்கில் தெரியும், வாரவாரம். அவன் எதற்குச் சிரிப்பான் என்று தெரியவில்லை.

"டீ ஆத்தற சத்தத்துக்கு" என்றார் அத்தை. "தூக்கி ஆத்தணும். அப்பதான் சிரிப்பான்."

"பரவால்லையே, காதும் நல்லா வேலை செய்யுது" என்று டாக்டர் அதையும் எழுதிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரையும் ஆரம்பாக்கத்துக்கு அனுப்பினேன். பிரிக்கவில்லை. பயிற்சி நாளில் லேபில் லீவு போட்டுவிட்டு நான் போகிறேன். மற்ற நாட்களில் காக்களூர் வீட்டில் நான் மட்டும். வேலை முடிந்து கதவைத் திறந்தால் சத்தம் இல்லை. தொட்டில் கயிறு அப்படியே தொங்குகிறது. ஷீட்டை இன்னும் அழிக்கவில்லை, திறப்பதும் இல்லை.

நேற்று முன்தினம் சனிக்கிழமை. ஆரம்பாக்கம் ஸ்டேஷனில் இறங்கும்போது சட்டைப்பையில் கை போனது, காகித டேப் அங்கே இருந்தது. பழக்கம். அதை எடுக்காமலே வீட்டுக்குப் போனேன். பாப்பா என்னைப் பார்த்ததும் கையை நீட்டினாள், தூக்கி வைத்துக்கொண்டேன். பிறகு அவளை அத்தையிடம் கொடுத்துவிட்டு, பையனை மட்டும் சமையற்கட்டுக்கு எடுத்துப்போனேன்.

"இன்னா, தனியா இட்டுக்கினு போறீங்க?"

"ஒண்ணொண்ணா பாக்கறேன் அத்தை."

அவனைப் பாயில் கிடத்தி எதிரே உட்கார்ந்து பார்த்தேன். நீ பார்க்காததால் சொல்கிறேன். வலது காதின் மேல்நுனி உன்னுடையதைப் போலவே உள்ளே மடிந்திருக்கிறது. இரண்டு புருவமும் நடுவில் சேரப் பார்க்கின்றன, அது என் வீட்டு வழி. மூச்சுக் குழாயை ஒட்டி வைத்திருந்த இடத்தில், கன்னத்தில், ஒரு சின்னத் தழும்பு. கட்டை விரலை உள்ளே மடக்கிப் பிடித்துக்கொள்கிறான், நான் பிரித்துவிட்டால் மறுபடி மடக்குகிறான். என்னைப் பார்ப்பதற்கு முன் என் தலைக்கு மேலே எதையோ ஒருமுறை பார்த்துவிட்டு வருகிறான்.

டம்ளரில் டீயை ஊற்றி, கையைத் தூக்கி ஆற்றினேன். சும்மா கிடந்தான். இன்னும் கொஞ்சம் தூக்கினேன். யோசித்தான். மூன்றாவது தடவை முதலில் கால் இரண்டும் உதறின, பிறகு வயிறு குலுங்கியது, கடைசியில்தான் சிரிப்பு முகத்துக்கு வந்து சேர்ந்தது. அது வரும்வரை காத்திருக்க வேண்டும். நான் காத்திருந்தேன். டீயில் பாதி தரையில் போயிருந்தது.

எங்க போவப் போறான் என்று கேட்டாயே. எங்கேயும் போகவில்லை. இங்கேதான் இருக்கிறான்.